தோப்புக்குப் போன நாய்

கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் மங்கையர்க்கரசிக்குத் தான் பஸ்ஸில் இருப்பதே உறைத்தது. எப்படி ஏறினாள், கைகாட்டி நிறுத்தியது யார், படியில் கூடையை யார் வாங்கிக் கொடுத்தார்கள், ஒன்றும் நினைவில் இல்லை. சீவலப்பேரி ரோட்டில் குட்டி வாங்கிய ஷெட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நல்ல நடை. அந்த வெயிலில் அவ்வளவு தூரம் வந்தது தன் கால்கள்தானா என்று குனிந்து பார்த்தாள். செருப்பெல்லாம் செம்மண். கூடைக்குள் பழைய துண்டின்மேல் முப்பத்தைந்து நாள் லாப்ரடார் குட்டி சுருண்டு கிடந்தது, அதன் வயிற்றுச் சூடு கூடையின் பிளாஸ்டிக்கைத் தாண்டி அவள் தொடையில் இறங்கியது. கண்டக்டர் வந்தார். "கூடையில என்னம்மா?" "குட்டி." "என்ன குட்டி?" "நாய்க்குட்டி." "சத்தம் போடாம இருந்தாச் சரி," என்று இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருப்பவள் அவள்.  அந்தத் துண்டுக் காகிதத்தைக் கூடையின் ஓரத்தில் செருகினாள்.   பொரி அங்கே இருந்தாள். தோப்பில் இல்லை. நாலு வருஷமாகத் தோப்பில் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த அவர்கள் வீட்டு நாய் பொரி அங்கே, தகரக் கூரைக்குக் கீழே, கூண்டுக்குள் இருந்தாள்.

கை கழுவப் போயிருக்கக் கூடாது. முன்னறையில் நாய் வளர்த்து விற்கும் சந்தனராஜ் குட்டியைக் கையில் கொடுத்ததும் அது உள்ளங்கையில் மூத்திரம் பெய்தது, "பின்னால குழாய் இருக்கு சிஸ்டர், இருங்க நான் தண்ணி கொண்டாரேன்," என்று அவன் சொல்லச் சொல்ல இவள்தான், எதற்குச் சிரமம் என்று, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பொரியை வாங்கியபோதும் அந்த முன்னறையோடு சரி. பூப்போட்ட திரைச்சீலை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் நாய்க் காலண்டர். திரைக்குப் பின்னால் என்ன என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா. பின்னால் நீளமான ஷெட், மூன்று கூண்டுகள், பினாயிலும் பாலும் சேர்ந்த ஒரு வாடை, வார்டில் விடியும் முன் வருகிற அதே வாடை. கடைசிக் கூண்டில் ஒரு நாய் ஒருக்களித்துக் கிடந்தது. அவள் பார்த்தது முதலில் காதைத்தான். இடது காது மடலின் நுனியில் இரண்டு தையலின் தழும்பு, மேலே இருப்பது கொஞ்சம் கோணல். அந்தக் கோணல் அவள் போட்ட கோணல். கேட் கம்பியில் காது கிழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டாஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது, ஊசி நூலை எடுத்து இவளே தைத்தாள், பொரியைப் பிடித்துக்கொண்ட கணவர் சிவசைலம் ரத்தத்தைப் பார்த்துக் கையை உதறியதில் மேல் தையல் இழுத்துக்கொண்டு போனது. எத்தனை ஆயிரம் தையல் போட்டிருப்பாள் வாழ்க்கையில். அதில் ஒன்று தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்ததில்லை. பொரி தலையைத் தூக்கினாள். எழுந்திருக்கவில்லை. வால் மட்டும் தகரத்தில் ஒருதரம் அடித்தது. பிறகு இன்னொருதரம். பிறகு நிறுத்தாமல், தட் தட் தட் என்று, பக்கத்துக் கூண்டு நாய் எழுந்து பார்க்கிற அளவுக்கு. பின்னாலேயே வந்த சந்தனராஜ் வாசலில் நின்று, "உங்களத் தெரியுது போலயே அதுக்கு," என்றான். இவள் சொன்னாள், "எல்லா நாயும் ஆளப் பாத்தா இப்பிடித்தான செய்யும்." சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து கை கழுவினாள். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒழுங்காக, ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிறவள் மாதிரி. வால் அடிக்கிற சத்தம் கழுவி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு முன்னறைக்கு வந்து பணத்தைக் கொடுத்தாள், குட்டியை வாங்கிக்கொண்டாள், "வாரேன்," என்றாள். வாரேன் என்று சொன்னது அவள்தான். அந்தக் குரல்கூடச் சாதாரணமாக இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே, நாக்கு தயாராக இருந்ததே. எல்லா நாயும். பொரிக்கு வயிறு முழுக்க மடி தொங்கிக்கிடந்தது, காம்புகள் கன்றிப் புண்ணாகி, ஒன்று சீழ் வைத்து. அடிவயிற்றில் நெடுக ஒரு தழும்பு, அதை அறுத்தவனுக்கு அவசரம், தைத்தவனுக்கு அதைவிட அவசரம். முழங்கையில் காய்ப்பு. நகங்கள் வளைந்து சதைக்குள் திரும்பியிருந்தன, மண்ணில் நடக்கிற நாய்க்கு நகம் அப்படி வளராது. ஒரு பார்வையில் இத்தனையும் பார்த்துவிட்டாள், அது அவள் தொழில். வண்டியிலிருந்து இறங்குகிற பெண்ணின் நடையை வைத்தே இது எத்தனாவது பிரசவம் என்று சொல்வாள். ஒவ்வொரு படுக்கையிலும் நின்று சொல்வாள், மூணு வருஷமாவது இடைவெளி விடணும்மா, உடம்பு தேறணுமில்லா, வீட்டுக்காரர்ட்ட நான் சொல்லட்டா. அந்த வீட்டுக்காரர்களை வராந்தாவில் நிறுத்தித் திட்டியிருக்கிறாள், பெண்டாட்டின்னா உனக்கு மிஷினாய்யா என்று. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அவள் கேட்டிருந்தாள், கிளம்புகிறபோது வாசலில் நின்று, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "இது எத்தனாவது ஈத்து?" சந்தனராஜ் யோசித்தான். "ஆறு இருக்கும் சிஸ்டர். ஏழோ. அந்தக் கடைசிக் கூண்டுதான் தாய். நல்ல தாய், குட்டி நல்லா நிக்கும்." ஏழு. நாலு வருஷத்தில் ஏழு. இடையில் ஒன்றை வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கிறான். மடியில் இருக்கிற இது ஏழாவது ஈத்து. பொரியின் குட்டி. அப்படியென்றால் வீட்டுக்குக் கொண்டுபோவது பொரியின் பிள்ளையை, பொரியை அங்கே விட்டுவிட்டு. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாள். கூடையை எட்டிப் பார்த்தாள். "சீமை நாயாக்கா?" மங்கை தலையாட்டினாள். "ஆணா பொண்ணா?" "பொண்ணு." "பொண்ணயா வாங்குனீக? குட்டி போட்டுத் தொலைக்குமேக்கா. எங்க வீட்டுக்கிட்ட ஒருத்தர் அப்பிடித்தான் ஆசையா வாங்கி, பொறவு வச்சிக்கிட முடியாம பைபாஸ்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டாரு. அது மூணு நாள் அந்த எடத்துலயே உக்காந்திருந்துச்சாம், கார் வார பக்கமே பாத்துக்கிட்டு." "பொறவு?" என்று மங்கை கேட்டாள். "பொறவு என்ன. லாரி." அந்தப் பெண் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் பைபாஸில் விடவில்லை, என்று மங்கை மனசுக்குள் சொன்னாள். உடனே, சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நாங்கள் பைபாஸில் விடவில்லை, நாங்கள் ஒரு நல்ல இடம் பார்த்துத்தான் விட்டோம். நாலு வருஷமாக இந்த வாக்கியம் அவளிடம் இருக்கிறது. வார்டில் சொல்லியிருக்கிறாள், கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறாள். வேற வழியில்ல, வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாதுன்னுட்டார், மக இலக்கியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, எனக்கு நைட் டூட்டி, இவுகளுக்குத் தும்மல். நல்ல தோப்பு, மூணு ஏக்கர், நம்மகிட்ட இருந்ததவிட அங்க சந்தோஷமா இருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஆமா ஆமா என்றார்கள். நல்லதுதான் செஞ்சீங்க என்றார்கள்.

தோப்பை அவள் பார்த்ததில்லை. சந்தனராஜ்தான் போனில் சொன்னான், "எங்கிட்டயே கொண்டாந்து விடுங்க சிஸ்டர், எனக்குத் தெரிஞ்சவுக தோப்பு வச்சிருக்காக, கேட்டுக்கிட்டே இருக்காக." எந்த ஊர்த் தோப்பு என்று அவள் கேட்கவில்லை. தோப்புக்காரர் பேர் கேட்கவில்லை. தங்கையைப் பெண் பார்க்க வந்த வீட்டைப்பற்றி எத்தனை விசாரணை செய்தாள், மூன்று தலைமுறை வரைக்கும் போனாளே. இலக்கியா அழுது தீர்த்தபோது அவன் இரண்டு படம் அனுப்பினான். தென்னை மரங்கள், தூரத்தில் வெள்ளையாக ஒரு நாய். இரண்டு விரலை வைத்து இழுத்தால் பெரிதாகியிருக்கும். காதைப் பார்த்திருக்கலாம். அவள் இழுக்கவில்லை, அப்படியே மகளுக்கு அனுப்பினாள், பாரு எவ்வளவு சந்தோஷமா நிக்குது என்று எழுதி. அதற்கும் பின்னால் ஒன்று இருந்தது, நினைவு அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொன்ன நிமிஷம். வராந்தாவில் நின்றுகொண்டு, சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு, "நாய் மட்டும் வேண்டாம்மா," என்றார். சிவசைலத்தின் முகம் விழுந்தது. இவள் முகமும் விழுந்திருக்கும், விழ வைத்தாள். உள்ளே, விலா எலும்புக்குக் கீழே எங்கேயோ, ஒரு சுமை இறங்கியது. அப்பாடா. அந்த அப்பாடாவை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷம் மழையில் நடக்க வைத்து, முடி கூட்டி, வாந்தி அள்ளி, நைட் டூட்டி முடிந்து வந்து கண் சொருகும்போது வாயில் கயிற்றைக் கவ்விக்கொண்டு முன்னால் நிற்கிற முகம். அந்த முகத்திலிருந்து விடுதலை. வேறு வீடு பார்த்திருக்கலாம். அடுத்த தெருவிலேயே இருந்தது, சமையலறை சின்னது என்று வேண்டாமென்றாள். சமையலறை சின்னது. ஏழு ஈத்து.

இப்போது சொந்த வீடு, மண் தரை உள்ள முற்றம். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள், அவளுக்குச் சொல்லாமல் ஒரு குட்டி வாங்கி வைக்க வேண்டும் என்பது மங்கையின் ஆசைதான். போன் போட்டுச் சந்தனராஜிடம், "மொத வாங்குனமே, அதே மாதிரி, அதே நெறம்," என்று கேட்டாள். அவன் சிரித்தான். இப்போதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் வந்து சேர்ந்தது. அதே மாதிரி இன்னொன்று. தொலைந்த குடைக்குப் பதில் குடை. அவள் வார்டில் குழந்தை இறந்து பிறந்த தாயிடம் யாராவது வந்து அடுத்தது பாத்துக்கலாம் விடு என்றால் அவர்களை வெளியே அனுப்பிவிடுவாள், அந்த வார்த்தையைத் தாங்க மாட்டாள். குட்டி தூக்கத்தில் முனகியது, எதையோ சப்புவதுபோல வாயை அசைத்தது. முப்பத்தைந்து நாள், இன்னும் பால்குடி மறக்கவில்லை. இந்த நேரத்துக்கு அங்கே சீழ் வைத்த காம்போடு பொரி இதைத் தேடிக்கொண்டிருப்பாள். அல்லது தேட மாட்டாள். ஆறு தடவை தேடியவள், ஏழாவது தடவை தேடுவாளா. எது மோசம் என்று மங்கைக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. இலக்கியா. எடுக்காமல் விடலாம் என்று நினைப்பதற்குள் விரல் எடுத்துவிட்டது. "எங்கம்மா இருக்க, ஒரே சத்தமா இருக்கு?" "பஸ்லட்டி. மார்க்கெட்டுக்கு வந்தேன்." "வெள்ளிக்கிழம விடியக்காலம் வந்துருவேன். அப்பாவ வரச் சொல்லாத, நானே ஆட்டோ புடிச்சிக்கிடுதேன்." குட்டி விழித்துக்கொண்டு கீச்சென்று கத்தியது. இரண்டாவது தரம் இன்னும் சத்தமாக. "என்னம்மா அது, நாய்க்குட்டி சத்தம் கேக்கு?" "பஸ்ல யாரோ வச்சிருக்காக," என்றாள் மங்கை.  "பொரிக்கு இப்ப ஆறு வயசு இருக்கும்லம்மா," என்றாள் மகள் மறுமுனையில். "இந்த லீவுல அந்தத் தோப்புக்கு ஒருதடவ போய்ப் பாத்துட்டு வருவோமா? தள்ளி நின்னு பாத்தாப் போதும். என்னைய மறந்திருந்தாலும் பரவாயில்ல." மங்கை ஏதோ சொன்னாள், டவர் கிடைக்கவில்லை என்றோ, பிறகு பேசுகிறேன் என்றோ. போனை அணைத்தாள். பக்கத்துப் பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது, கூடையையும் தன்னையும் மாறி மாறி. யாரோ வச்சிருக்காக. மடியில் இருப்பதை மடியில் இல்லை என்று சொல்ல முடிந்திருக்கிறது. காலையிலிருந்து இப்படி இல்லை என்று சொல்வது இது இரண்டாவது தடவை. கூண்டுக்கு முன்னால் நின்று சொன்னதாவது அதிர்ச்சியில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம், பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது? இது எவ்வளவு சுலபமாக வந்தது. இப்படியே வீட்டுக்குப் போய், குட்டிக்குப் பால் வைத்து, பேர் வைத்து, வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணிடம் தோப்புக்காரர் ஊருக்குப் போயிருக்காரு என்று சொல்லி, அதற்கடுத்த லீவில் பொரி வயசாகி நிம்மதியாகச் செத்துப்போச்சு என்று சொல்லி. தன்னால் முடியும். அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. தன்னால் கொஞ்சமும் குரல் மாறாமல் அதைச் சொல்ல முடியும். "எறங்கணும்," என்றாள். "எந்த ஸ்டாப்புக்கா?" என்றாள் பக்கத்துப் பெண். "இங்கதான். எங்கயாவது." கண்டக்டர் விசிலடித்தார்.

இறங்கிய இடத்தில் நிழல் இல்லை. எதிர்ப்பக்கம் போய் நின்றாள். திரும்பிப் போகிற பஸ் வர நாற்பது நிமிஷமானது, கூடைமேல் சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு நின்றாள். சந்தனராஜ் பொரியைக் கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது. என் நாய் என்று எதை வைத்துச் சொல்வது, கொடுத்தது நானே அல்லவா. போலீசுக்குப் போவேன் என்று மிரட்டலாமா, எதற்கு என்று கேட்டால். அந்தச் சீழுக்கு ஊசி போட வேண்டும், தழும்புக்குள் என்ன இருக்கிறதோ, எத்தனை நாள் இருப்பாளோ. சிவசைலத்திடம் என்ன சொல்வது. இலக்கியாவிடம். அவள் அந்த வயிற்றைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அந்த இடத்தில் வந்து யோசனை நின்றது, அதற்கு மேல் போகவில்லை. பஸ் வந்ததும் ஏறினாள். ஏறியது இந்தத் தடவை நினைவிருந்தது.

சந்தனராஜ் வாசலில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். கூடையைப் பார்த்ததும், "என்ன சிஸ்டர், குட்டி பிடிக்கலியா?" என்றான். "தாயையும் குடுங்க," என்றாள். "தாயையா?" "அது எங்க பொரி. காலையிலயே தெரியும். தெரியாதுன்னு சொன்னேன்." அவன் துண்டால் கையைத் துடைத்தான், அவசரப்படவில்லை. கோபமும் படவில்லை. "எனக்கும் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சிட்டுன்னு," என்றான். "தோப்புன்னு சொன்னீங்களே." "சொன்னேன். நானா உங்க வீட்டுக்கு வந்து நாயக் கேட்டேன் சிஸ்டர்? நீங்கதான போன் போட்டீங்க. எங்கயாவது விடணும்னு கேட்டீங்க. தோப்புன்னு ஒரு வார்த்த வேண்டியிருந்துச்சு உங்களுக்கு, சொன்னேன். ஒருத்தரும் தோப்பு எங்க இருக்குன்னு கேட்டதில்ல." அவள் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். சொல்ல இருந்ததெல்லாம் அவன் சொல்லிவிட்டான். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அவனே, "கூட்டிட்டுப் போங்க. இதோட அதுக்கு ஈத்து நின்னுட்டும்னுதான் நானும் நெனச்சேன், இனி தாங்காது," என்று சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். வேண்டாததைக் கொடுக்கிற மாதிரி இருந்தது அந்தப் பெருந்தன்மை.

கூண்டு திறந்தது. அவளைப் பார்த்ததும் வால் காலையில் அடித்தது போலவே அடித்தது. ஒன்றும் நடக்காதது மாதிரி, எல்லா நாயும் என்று யாரும் எதுவும் சொல்லாதது மாதிரி, நாலு வருஷம் என்பது ஒரு டூட்டி முடிந்து வருகிற நேரம் மாதிரி. உறுமியிருந்தால், கடித்திருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் மங்கை தாங்கியிருப்பாள். அவள் ஈரத் தரையில் முட்டி போட்டாள். பொரி எழுந்தாள், வளைந்த நகங்கள் தகரத்தில் கீறி வழுக்கின, வெளியே மண்ணில் ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள். பிறகு கூடைக்குள் மூக்கை விட்டுக் குட்டியை ஒருமுறை நக்கினாள், அதைவிட அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. நடக்க முடியவில்லை. மங்கை கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு அவளை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள், எதிர்பார்த்த கனம் இல்லை. மற்ற இரண்டு கூண்டு நாய்களும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தாள். பார்த்தால் தூக்க முடியாது என்று தெரிந்தது.

அவன் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தான். பொரியை இருக்கையில் கிடத்தி, கூடையைக் காலடியில் வைத்து ஏறப்போனபோது பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தாள். சந்தனராஜ் ரப்பர் குழாயைப் பிடித்து அந்தக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான், மூலை மூலையாக, துடைப்பத்தால் தேய்த்து. "என்ன உடனே கழுவுதீங்க?" என்றாள். "நாளைக்கு ஒண்ணு வருது சிஸ்டர்," என்றான் நிமிராமல். "ஒரு டீச்சர் வீட்டுது. ட்ரான்ஸ்பர் ஆயிட்டாகளாம். நல்ல நாய், ரெண்டு வயசு." "அவங்ககிட்டயும் தோப்புன்னுதான் சொல்லியிருக்கீங்களா?" அவன் தண்ணீரை வாசல் பக்கம் திருப்பினான். "எத்தன மணிக்கு வாராக?" "பத்துக்கு," என்றான், பழக்கத்தில் வந்துவிட்டது, பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

ஆட்டோ ரோட்டுக்கு வந்ததும் மங்கை போனை எடுத்து வார்டில் கூட வேலை பார்க்கும் ஜெயசெல்விக்கு அடித்தாள். பொரியின் தலை அவள் மடியில் கிடந்தது, மூச்சு சூடாக, கொஞ்சம் வேகமாக. "ஏட்டி, நாளைக்கு என் காலை டூட்டிய நீ பாத்துக்கிடுவியா?" என்றாள். "நாயக் கொண்டாந்து விட ஒரு டீச்சர் சீவலப்பேரி ரோட்டுல வருவாக. அவுக வாரதுக்கு முன்னால நான் இந்த ரோட்டுல வந்து நிக்கணும்."